ஆயில் எங்கே போகிறது? ரெண்டு லட்சம் ஓடிய வண்டிக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும். "அண்ணாச்சி, வண்டி ரெண்டு லட்சம் தாண்டிட்டு. கெட்டியா ஒரு ஆயில் குடுங்க. அப்படியே புகை நிக்கிற மருந்தும் ஒரு டப்பா." கடைக்காரர் எந்த வண்டி என்று கேட்பார். என்ன கோளாறு என்று கேட்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. 20டபிள்யூ-50 என்கிற கெட்டி ஆயில் ஒரு கேனும், தேன் மாதிரி ஒழுகுகிற ஒரு டப்பாவும் கைமாறும். ஒரு மாசம் வண்டி நன்றாகத்தான் ஓடும்.

நானும் அப்படி வாங்கினவன்தான். எங்கள் டீசல் கார் 2,10,000 கிலோமீட்டரில் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. முதலில் கெட்டி ஆயில், அப்புறம் ஒரு மருந்து, அப்புறம் வேறு கம்பெனி மருந்து என்று மூன்று முறை டப்பா மாற்றினேன். கோளாறு கடைசியில் இருந்த இடம் விரல் தடிமன் ரப்பர் குழாய் ஒன்று. அந்தக் கதை கீழே வருகிறது. அதற்குள் நான் செலவழித்த பணத்தில் இரண்டு தடவை ஒழுங்காக ஆயில் சர்வீஸ் செய்திருக்கலாம்.

முதலில் ஒரு நோட்டும் அரை லிட்டர் பாட்டிலும்

"ஆயில் குடிக்குது" என்றால் எவ்வளவு குடிக்கிறது? இதற்குப் பதில் இல்லாமல் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் குருட்டு வைத்தியம்தான் நடக்கும்.

சமதரையில் வண்டியை விட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் குச்சியை உருவுங்கள். பழைய பனியன் துணியால் துடைத்து, திரும்பவும் முழுக்க இறக்கி எடுத்துப் பாருங்கள். முதல் தடவை உருவியபோது தெரிந்த அளவு கணக்கில் சேராது, குழாயின் ஓரத்தில் ஒட்டியிருந்ததெல்லாம் அதில் இருக்கும். மேல்கோடு வரை நிரப்பி, அன்றைய கிலோமீட்டரை நோட்டில் எழுதுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் அதே இடத்தில் அதே நேரத்தில் பார்த்து, மேல்கோட்டுக்கு எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அளந்து ஊற்றுங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர். மேல்கோட்டைத் தாண்ட விடாதீர்கள். அடியில் சுற்றும் கிராங்க் தண்டு அதில் அடித்து நுரையாக்கும், நுரையைப் பம்ப் தள்ளினால் பிரஷர் நிற்காது, மிச்சம் பிரீதர் என்கிற மூச்சுக் குழாய் வழியாகப் போய் எரியும். இல்லாத கோளாறு இருப்பதுபோலத் தெரியும்.

1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டருக்குள் என்றால் நான் பேசாமல் ஊற்றி ஓட்டுவேன். கால் லிட்டரிலிருந்து அரை லிட்டர் என்றால் சாவகாசமாகக் காரணம் தேடுவேன். அரை லிட்டர் தாண்டினால் அந்த வாரமே பட்டறை. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை சகஜம் என்று அச்சடித்த கையேடுகளும் உண்டு. அது வாரண்டி காலத்தில் கம்பெனி தப்பிக்க எழுதிய வரி என்பது என் எண்ணம்.

டப்பாவில் எழுதியிருப்பது என்ன

15டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 15டபிள்யூ ஆயிலைச் சோதிக்கும்போது எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்க்கிற குளிர் மைனஸ் 20 டிகிரி. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15. நம்மூரில் மார்கழி விடியற்காலையில்கூட அதன் பக்கத்தில் போக மாட்டோம். ஆனாலும் முதல் எண் சின்னதாக இருந்தால் காலையில் ஆயில் மேலே ஏறுவது கொஞ்சம் சுருக்காக நடக்கும், அந்த அளவில் அதற்குப் பயன் உண்டு.

இரண்டாவது எண்தான் ஓடுகிற எஞ்சினுக்கு. 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பது அது, அதை அளப்பது சென்டிஸ்டோக் என்ற அலகில். 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள், 40 என்றால் 16.3-க்குள், 50 என்றால் 21.9-க்குள். ஒவ்வொரு படியும் ஒரு அகலமான பட்டை. ஒரு கம்பெனியின் கெட்டியான 30-க்கும் இன்னொரு கம்பெனியின் நீர்த்த 40-க்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

"நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்பது பாதி உண்மை. தண்ணீரால் குளிரும் எஞ்சினில் தெர்மோஸ்டாட் சூட்டைக் கட்டுக்குள் வைத்திருக்கும். பாளையங்கோட்டையில் அக்னி நட்சத்திர வெயில் 40 டிகிரி தாண்டினாலும், ரேடியேட்டர் சரியாக இருந்தால் எஞ்சினுக்குள் ஆயில் பெரிதாக மாறாது. காற்றால் குளிரும் பைக் எஞ்சினுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். காருக்கு வெயிலைச் சொல்லிக் கெட்டி ஆயில் ஊற்றுகிறவர் முதலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கட்டும்.

டப்பாவில் ஏபிஐ என்று போட்டுத் தரத்தைக் காட்டும் எழுத்துகளில் எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. எஸ்என் 2010-இல் வந்தது, எஸ்பி 2020-இல். பெட்ரோலில் பிந்திய எழுத்து முந்தியதற்கு மாற்றாக நிற்கும். டீசலில் மட்டும் ஒரு எச்சரிக்கை: 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகைப் பாதையில் துகள் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வாடகைக்கு ஓடுகிற அந்த வண்டிகளும் இப்போது ரெண்டு லட்சத்தைத் தொட்டுவிட்டன. அவற்றில் பழைய லாரிக்கு ஊற்றுகிற ஆயிலை ஊற்றினால் சாம்பல் சேர்ந்து வடிகட்டி அடைக்கும். கையேட்டில் சாம்பல் குறைந்த ஆயில் என்று போட்டிருந்தால் அதுதான், பேச்சே இல்லை.

தரையில் சொட்டு இருக்கிறது

இருப்பதில் இதுதான் சுலபமான கோளாறு. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போடுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடம் எஞ்சினின் எந்தப் பக்கம் என்று காட்டும். அப்புறம் எஞ்சினைத் துடைத்து, காய்ந்ததும் சந்தேகப்படும் இடத்தில் முகப் பவுடரைத் தூவி இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஆயில் வந்த தடம் பவுடரில் கோடாகத் தெரியும். எங்கள் வீட்டில் பவுடர் டப்பா காணாமல் போனால் இப்போதெல்லாம் நேராக என்னிடம்தான் வருவார்கள்.

தேட வேண்டியது மேலிருந்து கீழே. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், கடைசியில் டிரெயின் போல்ட். மேலே கசிந்தது வழிந்து கீழே வந்து போல்ட்டில் சொட்டும்போது நாம் போல்ட்டைக் குறை சொல்வோம். போல்ட்டின் வாஷர் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புதிதாகப் போட வேண்டிய சில ரூபாய் சாமான். அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுவிட்டு, ஒழுகாமலிருக்க இன்னும் கொஞ்சம் இறுக்கி, ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் மரையைக் கொன்றவர்கள் ஏராளம். ஃபில்டரில் இன்னொரு வேடிக்கை நடக்கும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நிற்க, அதன் மேலேயே புதுசைத் திருகிவிடுவார்கள். இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்று நின்றால் எப்போது பிதுங்கும் என்று சொல்ல முடியாது. பிதுங்கினால் சில நிமிஷத்தில் சம்ப் காலி.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் கிராங்க்கின் பின்பக்க சீலாக இருக்கலாம். கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்ற முடியும், கூலி அதிகம். சீலை மிருதுவாக்கும் மருந்துக்கு நான் இடம் கொடுப்பது இந்த ஒரே இடத்தில்தான். வயசாகி இறுகிப்போன ரப்பருக்கு அது கொஞ்சம் உயிர் கொடுக்கும். ஆயிரம் கிலோமீட்டராவது ஓடிய பிறகுதான் பலன் தெரியும். கிழிந்த சீலுக்கும் கேஸ்கெட்டுக்கும் அது ஒன்றும் செய்யாது. "கொஞ்சம் பிரேக் ஆயில் ஊத்துங்க, சீல் ஊதிக்கும்" என்று யோசனை சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

நீலப் புகை

டிவிஎஸ் 50 1980-இல் வந்தது. டிவிஎஸ் கம்பெனிக்கு மூலவரான டி. வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்தது நம்ம திருக்குறுங்குடியில், 1877-இல். அந்த டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றுவோம், நீலப் புகை அதன் பிறவிக் குணம். அதிலேயே பழகின பெரியவர்கள் சிலருக்கு கார் நீலப் புகை அடித்தாலும் உறுத்துவதில்லை. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கருப்புப் புகை எரிபொருள் விஷயம், அதற்கு ஆயிலை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்.

நீலப் புகை எப்போது வருகிறது என்பதைப் பாருங்கள், பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று வந்து அப்புறம் இல்லையா? வால்வு சீல். ராத்திரி முழுக்க ஆயில் வால்வுத் தண்டு வழியாகச் சொட்டி உள்ளே சேர்ந்திருக்கும்.

புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே வருகிறீர்கள். கீழே வந்து மறுபடி மிதித்ததும் பின்னால் நீலமாக ஒரு பொதி கிளம்புகிறதா? பெட்ரோல் வண்டியில் இதுவும் வால்வு சீல், அல்லது வால்வு கைடு தேய்மானம். ஆக்சிலேட்டரை விட்ட நேரத்தில் உள்ளே உறிஞ்சும் சக்தி அதிகமாக இருக்கும், அது தளர்ந்த சீல் வழியாக ஆயிலை இழுத்துக்கொள்ளும். மாஞ்சோலை ஏறி இறங்குகிற வண்டியில் பின்னால் வருகிறவரைப் பார்க்கச் சொன்னால் தெளிவாகத் தெரிந்துவிடும்.

ஏற்றத்தில் மிதிக்கும்போது, பாரத்தோடு இழுக்கும்போது நீலமாக அடிக்கிறதென்றால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்துப் பாருங்கள். மூடி குதியாகக் குதித்து, குபுகுபுவென்று புகை வந்தால் பட்டறையில் "பேக் கம்ப்ரஷன் அடிக்குது" என்பார்கள். லேசாக ஆடுவதும் கொஞ்சம் ஆவி வருவதும் பழைய எஞ்சினில் சகஜம். அதை வைத்தே எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் எஞ்சினில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் அளவு நன்றாக ஏறுகிறதா? ரிங். ஏறவே இல்லையா? வால்வு. இந்தச் சோதனைக்கு ஆகும் அரை மணி நேரம் அரை லட்ச ரூபாயைக் காப்பாற்றும்.

ரிங் என்றாலும் உடனே சிலிண்டரைக் கடைகிற போர் வேலைதான் என்று இல்லை. ஆயிலை வழிக்கும் கீழ் ரிங் கரி பிடித்து ஒட்டிப் போயிருந்தால் அது தேய்மானம் கிடையாது, அழுக்கு. கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் ஆயில் எரிகிறதென்றால் பெரும்பாலும் இந்தக் கதைதான். நல்ல ஆயிலாக, கையேட்டு கிரேடிலேயே, மாற்றும் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஃபில்டரோடு மாற்றிப் பாருங்கள். மூன்று நான்கு மாற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது நோட்டில் தெரியும்.

டர்போ டீசலில் இன்னொரு இடம் இருக்கிறது. இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் பூச்சு மாதிரி இருந்தால் விட்டுவிடலாம். குழாயில் குட்டையாக நின்றால் டர்போ சீல், இல்லையென்றால் டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் அடைப்பு. இதைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே போகும் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு டீசல் எஞ்சின் தானாகக் கத்தி ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆனால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியரைப் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்த வேண்டும்.

ஒழுகலும் இல்லை, புகையும் இல்லை, ஆனால் குறைகிறது

எங்கள் கார் இந்த வகை. ஆயில் 1,000 கிலோமீட்டருக்கு 600 மில்லி குறைந்தது. தரை சுத்தம். புகையும் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று டப்பா மாற்றியும் நிற்காமல், மேலப்பாளையம் ரோட்டில் ஒரு சின்னப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணாச்சி ஆயில் மூடியைத் திறக்கவில்லை, குச்சியை உருவவில்லை. டேப்பட் கவரிலிருந்து ஏர் குழாய்க்குப் போகும் பிரீதர் குழாயைக் கழற்றி, வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியதே தவிர காற்று போகவில்லை. ஒரு கம்பியை விட்டு இழுத்தார். கருப்பட்டிப் பாகு இறுகின மாதிரி ஒரு திரி வெளியே வந்தது.

"மூச்சு விட வழி இல்லன்னா அது எங்கிட்டாவது விடத்தான செய்யும் சார்?" என்றார்.

எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியே போக இருக்கும் வழி இந்தக் குழாய்தான். அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, டர்போவில் இருந்து வடிய வேண்டிய ஆயில் வடியாமல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளப்பட்டு எரியும். நெடுஞ்சாலை வேகத்தில் எரிகிற அந்தக் கொஞ்சம் கண்ணாடியில் தெரியாது. குழாயையும் அதன் அடியில் இருந்த ஆயில் பிரிக்கும் டப்பாவையும் கழுவிப் போட்டோம். அடுத்த 1,000 கிலோமீட்டரில் 200 மில்லி. நான் ஊற்றிய கெட்டி மருந்துதான் அந்தத் திரியை இன்னும் இறுக்கியிருக்கும் என்று அவர் சந்தேகப்பட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

இங்கே இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும், நம்ம சீமைக்கே உரியது: தூசி. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல், வள்ளியூர், ராதாபுரம் பக்கத்துக் கல்குவாரி, ஆடியில் காவல்கிணறு தாண்டினால் வண்டியையே தள்ளுகிற காற்று. இந்தப் பாதைகளில் தினமும் ஓடுகிற வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டியின் ஒரு கிளிப் சரியாக மாட்டாமல் போனால் போதும். மணல்தூள் எஞ்சினுக்குள் போய் ரிங்கையும் போரையும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். எந்த ஆயிலும் அதைத் தடுக்காது. ஃபில்டருக்கு அடுத்த குழாயைக் கழற்றி, உள்சுவரில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். விரலில் செம்மண் ஒட்டினால் ஆயில் யோசனையை ஒத்திவைத்துவிட்டு முதலில் அந்த ஓட்டையை அடையுங்கள். ஃபில்டரைக் காற்று அடித்துச் சுத்தம் செய்து மாட்டும் பழக்கத்திலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பக்கத்தில் வைத்து அழுத்தமாக அடித்தால் தாள் கிழியும், கிழிந்தது கண்ணுக்குத் தெரியாது.

சூடான பிறகு ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்குகிறது

ரோட்டில் ஓடும்போது எரிந்தால் ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது மட்டும் மினுக்கினால் வரிசையாகப் பாருங்கள்.

முதலில் அளவு. அளவு சரி என்றால் சுவிட்ச். அது விலை குறைந்த சாமான், பொய் சொல்வதும் அடிக்கடி நடக்கும். அதைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் முள் வைத்த பிரஷர் கேஜை மாட்டி உண்மையான அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய எஞ்சின்களுக்கு மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கைக்கணக்கு, 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ. கேஜ் நன்றாகக் காட்டினால் சுவிட்சை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். உண்மையாகவே குறைவு என்றால் சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் மாற்றாத ஆயிலின் கசடு அந்தச் சல்லடையில் களிமண்ணாகப் படிந்திருக்கும். இறக்கின கையோடு சம்ப்பின் அடியில் விரலைத் துழாவுங்கள். செம்பு நிறத்தில் மினுமினுப்பாக வந்தால் பேரிங் தேய்கிறது.

இதெல்லாம் பார்த்து, ஸ்ட்ரெய்னர் சுத்தம், பேரிங் கொஞ்சம் தளர்வு, எஞ்சின் வேலைக்கு இப்போது பணமில்லை என்கிற நிலையில்தான் கிரேடை ஏற்றுவது நியாயம். 30 ஊற்றியிருந்தால் 40. கையேட்டில் பெரும்பாலும் இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருப்பார்கள், அதில் கெட்டியானதை எடுங்கள். 30-இலிருந்து ஒரே தாவலில் 50-க்குப் போகாதீர்கள். விளக்கு அணைந்துவிடும், வாஸ்தவம். ஆனால் பிரஷர் என்பது ஆயில் போக முடியாமல் முட்டுவதையும் காட்டும். முள் உயர்ந்தது என்பதற்காகக் கடைக்கோடி கேம் வரை ஆயில் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம் இல்லை.

காலையில் டக்டக் சத்தம்

ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி டக்டக்கென்று அடித்து நின்றுவிட்டால், மேலே இருந்த ஆயில் ராத்திரி கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். மலிவு ஃபில்டரில் ஆயிலைத் திரும்ப விடாத ரப்பர் தடுப்பு சரியாக இருக்காது. நல்ல ஃபில்டர் போட்டாலே போகலாம். இங்கேயும் கெட்டி ஆயில் எதிர்வேலைதான் செய்யும், மேலே ஏற இன்னும் நேரம் எடுக்கும். சூடான பிறகும் சத்தம் இருந்தால், திருகி வைக்கும் டேப்பட் உள்ள எஞ்சினில் இடைவெளி வைக்க வேண்டும். அது ஃபீலர் கேஜ் வேலை. அடியிலிருந்து, பாரத்தில், தொம் தொம் என்று கனமாக வந்தால் அது டேப்பட் இல்லை. வண்டியை ஓட்டாமல் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

ஆயில் கருத்துவிட்டது

டீசலா? மாற்றின மறுநாளே கருக்கும், கவலை வேண்டாம். கரியைத் தன்னோடு தூக்கிக்கொண்டு அலைவதுதான் அந்த ஆயிலின் வேலை. பெட்ரோல் வண்டியில் 1,000 கிலோமீட்டருக்குள் தார் மாதிரி ஆனால் உள்ளே பழைய கசடு கரைகிறது, சீக்கிரமே இன்னொரு முறை மாற்றுங்கள். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஐடிலில் ஓட விட்டுக் கழுவும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. ரெண்டு லட்சம் ஓடிய எஞ்சினில் அது மொத்தக் கசடையும் ஒரே நேரத்தில் பெயர்த்துக்கொண்டு வந்து ஸ்ட்ரெய்னரில் அடைக்கும். மிச்சம் தங்கும் மண்ணெண்ணெய் புது ஆயிலையும் நீர்த்துவிடும்.

குறையவில்லை, ஏறுகிறது

குச்சியில் அளவு ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். முகர்ந்து பாருங்கள். பெட்ரோல், டீசல் வாசம் அடித்தால் இன்ஜெக்டர் கசிவு, அல்லது பிஎஸ்6 டீசலில் அந்த வடிகட்டியைச் சுத்தம் செய்யும் ஓட்டம் பாதியிலேயே நிற்பது. டவுனுக்குள் இரண்டு இரண்டு கிலோமீட்டராக ஓடும் வண்டிகளில் இது அதிகம். வாரத்துக்கு ஒரு நாள் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். ஆனால் ஏறியிருக்கும் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

வாசம் இல்லாமல் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர். மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை, குச்சி சுத்தம் என்றால் குறுகிய ஓட்டத்தில் சேர்ந்த ஈரம். குச்சியிலேயே அப்படி இருந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர், ஓட்டாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஜங்ஷன் பக்கம் மூழ்கின வண்டிகளை ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்த்தவர்கள்தான் கூடுதலாகச் செலவழித்தார்கள். மூழ்கிய வண்டியில் ஸ்டார்ட் கூடாது. முதலில் டிரெயின் போல்ட், அப்புறம் புது ஆயில், கொஞ்ச நேரம் ஓட்டி அதையும் கொட்டிவிட்டு மறுபடி புது ஆயில். இந்தக் கழுவலுக்கு விலை குறைந்த மினரல் ஆயிலே போதும்.

பைக்: ஆயில் மாற்றியதும் கிளட்ச் வழுக்குகிறது

கார் ஆயிலை ஊற்றியிருப்பார்கள், அல்லது உராய்வைக் குறைக்கும் மருந்தைச் சேர்த்திருப்பார்கள். பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து நிற்கிறது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறி இருக்க வேண்டும். எம்பி என்றால் ஸ்கூட்டருக்கு. மாலிப்டினம் கலந்த கருப்பு மருந்தைப் பைக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உடனே மாற்றினால் பெரும்பாலும் கிளட்ச் தப்பும்.

மருந்து டப்பாக்களைப் பற்றி

நல்ல ஆயிலிலேயே மருந்து இருக்கிறது. அழுக்கை எடுக்க, தேய்மானத்தைத் தடுக்க, நுரையை அடக்க எல்லாம் அளந்து கலந்துதான் டப்பாவில் வருகிறது. மேலே இன்னொன்றை ஊற்றும்போது அந்த அளவைக் கலைக்கிறோம். வயசான வண்டிக்கு என்றே வெளிநாட்டில் 75,000 மைல், அதாவது 1,20,000 கிலோமீட்டர் தாண்டியவற்றுக்குத் தனி ஆயில் விற்கிறார்கள். சீலை மிருதுவாக்கும் சரக்கும், அழுக்கு எடுக்கும் சரக்கும் கொஞ்சம் கூட இருக்கும். தனியாக மருந்து ஊற்றுவதைவிட அது மேல். கையேட்டில் சொன்ன கிரேடில் கிடைத்தால் வாங்கலாம், கிடைக்காவிட்டால் ஏங்க வேண்டாம்.

தேன் மாதிரி ஒழுகும் மருந்து ஆயிலைக் கெட்டியாக்குகிறது, அவ்வளவுதான். புகை குறையும், சத்தம் அமுங்கும், விளக்கு அணையும். இந்தக் குணத்தால் அதற்கு நல்ல கிராக்கி உள்ள இடம் பழைய வண்டி விற்பனை. நீங்கள் வாங்கப் போகும்போது முன்கூட்டிச் சொல்லாமல் காலையில் போய், முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். "நாளைக்குக் காலையில வாரேன் அண்ணாச்சி, ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குச்சியிலிருந்து ஆயில் சொட்டாமல் நூலாக இழுத்தால் உள்ளே மருந்து.

சிந்தெடிக் ஊற்றினால் பழைய எஞ்சின் ஒழுகும் என்பார்கள். சிந்தெடிக் சீலைத் தின்பதில்லை. சீல் ஏற்கெனவே போயிருக்கும், கசடுதான் அடைத்து நிறுத்தியிருக்கும். புது ஆயில் அந்தக் கசடைக் கழுவியதும் உண்மை வெளியே வரும். ஆயில் குடிக்கிற வண்டிக்கு விலை உயர்ந்த சிந்தெடிக்கை ஊற்றிக்கொண்டே இருப்பதும் வீண்தான். காரணம் தெரிந்து, ஆயில் குடிப்பது குறையும் வரை மினரலோ செமி சிந்தெடிக்கோ ஊற்றி, சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுவது என் வழி.

ஒன்று மறக்காதீர்கள்: ஆயில் மாற்றிய பிறகு காலி கேனைக் கத்தியால் குத்தி ஓட்டை போட்டுக் கொடுங்கள். ஓட்டையில்லாத கேன் பழைய சாமான் கடை வழியாகப் போய், வேறு சரக்கோடு மறுபடி அலமாரிக்கு வந்துவிடும்.

எங்கள் கார் இப்போது 2,38,000-இல் நிற்கிறது. கையேட்டில் உள்ள கிரேடு, ஃபில்டரோடு 5,000-க்கு ஒரு மாற்றம், மருந்து எதுவும் இல்லை. நோட்டின் கடைசி வரி: 1,000 கிலோமீட்டருக்கு 180 மில்லி. டிக்கியில் ஒரு லிட்டர் கேன் எப்போதும் இருக்கும். பிரீதர் குழாயை ஆறு மாசத்துக்கு ஒரு முறை நானே கழற்றி ஊதிப் பார்த்துக்கொள்கிறேன்.